திருச்சி சுருட்டும் காப்பீட்டுப் படிவத்தின் ஒரு கேள்வியும்

வீட்டுக் கடன் போட்டு அடுக்ககத்தில் வீடு வாங்கிய நம்மில் பலர், அந்தக் கடனுக்குத் துணையாக ஒரு டேர்ம் பாலிசியும் எடுத்து வைத்திருக்கிறோம். நாளை நாம் இல்லாமல் போனாலும் மாதத் தவணைக்காகக் குடும்பம் வீட்டை இழக்கக் கூடாது என்பதற்காகத்தான் அது. அந்தப் பாலிசிக்கான விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கும்: புகையிலையை எந்த வடிவிலாவது பயன்படுத்துகிறீர்களா?

தினமும் சிகரெட் பிடிப்பவருக்கு இதில் குழப்பம் இல்லை. 'ஆம்' என்று எழுதுவதா வேண்டாமா என்று அவர் யோசிக்கலாம், ஆனால் கேள்வி தன்னைப் பற்றியது என்பது அவருக்குத் தெரியும். உண்மையில் தடுமாறுகிறவர் சுருட்டுக்காரர்தான். "நான் புகையை உள்ளே இழுப்பதில்லை", "கல்யாணம் காட்சி என்றால் ஒன்று", "இது சிகரெட் இல்லையே" என்று அவருக்குச் சமாதானங்கள் உண்டு. வெற்றிலையோடு ஒரு துண்டு புகையிலை சேர்த்துப் போடும் பெரியவர்களுக்கும் இதே எண்ணம்தான். இந்தச் சமாதானங்கள் எங்கிருந்து வந்தன, அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது, இரண்டும் மோதும்போது யார் நஷ்டப்படுகிறார்கள் என்று பார்க்கலாம். சுருட்டு நம் ஊர்ச் சரக்கு என்பதால் இந்தக் கதையில் நமக்குக் கொஞ்சம் உரிமையும் உண்டு.

உறையூரிலிருந்து லண்டன் வரை

லால்குடியிலிருந்து கொள்ளிடத்தையும் காவிரியையும் தாண்டினால் உறையூர். கைத்தறிக்குப் பெயர் போன அந்த ஊர் சுருட்டுக்கும் பெயர் போனது. ஆங்கிலத்தில் 'செரூட்' என்று வழங்கும் சொல்லே நம் 'சுருட்டு'தான். சுருட்டப்பட்டது என்பதால் சுருட்டு. நம் மொழி உலகுக்குக் கொடுத்த சொற்களில் இதுவும் ஒன்று.

19-ஆம் நூற்றாண்டில் 'டிரிச்சினாப்பொலி' என்றால் வெள்ளைக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது மலைக்கோட்டையாக இல்லாமல் சுருட்டாகவே இருந்திருக்கலாம். இலை பெரும்பாலும் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தது, பெயர் திருச்சிக்குக் கிடைத்தது. விக்டோரியா காலத்து இங்கிலாந்துக்கு அது பெருமளவில் ஏற்றுமதியானது. சென்னையின் ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லில் தனக்கென ஒரு சுருட்டுத் தொழிற்சாலையே நடத்தியது. யாழ்ப்பாணத்தில் சுருட்டுத் தொழில் தனியாக வளர்ந்தது. அங்கே சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டுவார்கள்.

ஆர்தர் கானன் டாயில் 1887-இல் வெளியிட்ட முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே அது திருச்சி சுருட்டின் சாம்பல் என்று ஹோம்ஸ் சொல்லிவிடுகிறார். எந்தப் புகையிலையின் சாம்பல் எப்படி இருக்கும் என்று தனியாகக் கட்டுரையே எழுதியிருப்பதாகவும் பெருமை பேசுகிறார். புகைத்தவர் வாயைத் திறக்காவிட்டாலும் தடயம் பேசிவிடும் என்பது அந்தக் கதையின் சுவாரஸ்யம். காப்பீட்டு நிறுவனங்களும் பிற்பாடு இதே வேலையில் இறங்கின.

'தெரிந்ததை மறைக்காதே' என்ற விதி

காப்பீட்டில் உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்ற விதிக்கு 250 ஆண்டுகளுக்கு மேல் வயதாகிறது. சுமத்ரா தீவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மார்ல்பரோ கோட்டை என்று ஒன்று இருந்தது. அதன் கவர்னர் ஜார்ஜ் கார்ட்டர், அந்நிய எதிரி கோட்டையைப் பிடித்துவிட்டால் இழப்பீடு கிடைக்கும்படி லண்டனில் காப்பீடு எடுத்தார். 1760-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். கோட்டை பலவீனமாக இருந்ததைச் சொல்லவில்லை என்று காப்பீடு கொடுத்தவர் பணம் தர மறுத்தார்.

1766-இல் லார்ட் மான்ஸ்ஃபீல்டு சொன்ன தீர்ப்பு இன்றுவரை சட்டக் கல்லூரிகளில் பாடம். ஆபத்தைக் கணிக்கத் தேவையான விஷயங்கள் பெரும்பாலும் காப்பீடு எடுப்பவருக்கு மட்டுமே தெரியும், அதனால் அவர் நல்லெண்ணத்தோடு சொல்லிவிட வேண்டும் என்றார். அதே மூச்சில், காப்பீடு கொடுப்பவருக்குத் தெரிந்ததையும் தெரிந்திருக்க வேண்டியதையும் சொல்ல வேண்டியதில்லை என்றும் சொன்னார். வழக்கில் வென்றவர் கார்ட்டர். 'உச்சபட்ச நல்லெண்ணம்' என்ற இந்தக் கோட்பாட்டை நிறுவனங்கள் இன்று தங்கள் பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டு பேசும்போது, அது பிறந்த வழக்கில் தோற்றது காப்பீடு கொடுத்தவர்தான் என்பதை நினைவில் வைப்பது நல்லது.

இந்தியாவில் ஆயுள் காப்பீடு 1818-இல் கல்கத்தாவில் தொடங்கிய ஓரியண்டல் நிறுவனத்தோடு ஆரம்பிக்கிறது. அது முக்கியமாக இங்கிருந்த ஐரோப்பியர்களுக்கானது. இந்தியர்களுக்குக் காப்பீடு கொடுக்க முன்வந்த நிறுவனங்களும் கூடுதல் பிரீமியம் வாங்கின. நீங்கள் புகைப்பவரா என்பதைவிட நீங்கள் யார் என்பதே அன்றைக்கு 'ஆபத்து'. 1870-இல் வந்த பம்பாய் மியூச்சுவல்தான் இந்தியர்களுக்கும் சாதாரண விலையிலேயே பாலிசி கொடுத்தது. அடுத்து 1874-இல் ஓரியண்டல் கவர்ன்மென்ட் செக்யூரிட்டி வந்தது. 1906-இல் சென்னையில் யுனைடெட் இந்தியா தொடங்கியது. 1956 செப்டம்பர் 1 அன்று ஆயுள் காப்பீட்டுத் தொழில் முழுவதும் எல்.ஐ.சி.யின் கைக்கு வந்தது.

சுருட்டு வேறு, சிகரெட் வேறா?

சர்ச்சில் திருச்சி சுருட்டு பிடித்தவர் என்று நம் பக்கத்தில் இன்றும் பெருமையாகச் சொல்வதுண்டு. 1874-இல் பிறந்த அவர் வாய் நிறையச் சுருட்டோடு 90 வயது வரை வாழ்ந்தார். "அவருக்கு என்ன ஆயிற்று?" என்பது சுருட்டுக்காரர்களின் பழைய வாதம். ஆனால் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த யுலிசிஸ் கிராண்டும் சுருட்டுப் பிரியர்தான். 1885-இல் தொண்டைப் புற்றுநோயில் இறந்தார். மனோதத்துவ மேதை ஃபிராய்டுக்கு 1923-இல் வாயில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. முப்பதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளோடு 1939 வரை அவதிப்பட்டார், சுருட்டை விட முடியவில்லை. தனி மனிதர்களை வைத்து எந்தப் பக்கமும் வாதாடலாம். காப்பீடு தனி மனிதரைப் பார்ப்பதில்லை, ஆயிரக்கணக்கானோரின் சராசரியைப் பார்க்கிறது.

அந்தச் சராசரியும் ஒரு காலத்தில் சுருட்டுக்காரர் பக்கம்தான் பேசியது. 1964 ஜனவரியில் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கை சிகரெட்டைக் கடுமையாகக் குற்றம் சாட்டியது. நாளைக்கு ஐந்துக்கும் குறைவாகச் சுருட்டு பிடிப்பவர்களின் இறப்பு விகிதமோ புகைக்காதவர்களுடையதைப் போலவே இருக்கிறது என்றது. விளைவு, அந்த ஆண்டு அமெரிக்காவில் சுருட்டு விற்பனை ஏறியது. "சுருட்டு பரவாயில்லை" என்ற நம்பிக்கைக்கு இது ஒரு முக்கியமான ஆதாரமாக அமைந்தது.

1998-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் சுருட்டைப் பற்றி மட்டும் ஒரு தனி நூலே வெளியிட்டது. சுருட்டுப் புகையிலும் சிகரெட் புகையில் உள்ள அதே நச்சுகள் உண்டு. புகையை உள்ளே இழுக்காதவருக்கு நுரையீரல், இதய ஆபத்து சிகரெட்டைவிடக் குறைவு என்பது உண்மைதான். வாய், குரல்வளை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களில் அந்தச் சலுகை இல்லை. உள்ளே இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் புகை முதலில் வாயில்தானே தங்குகிறது!

நம் நாட்டு மருத்துவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ஓர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுபவர்களுக்கு வரும் வாய்ப் புற்றுநோயைப் பற்றி 1933-லேயே 'லான்செட்' இதழில் எழுதினார். வட ஆந்திரக் கடற்கரையில் 'சுட்டா' என்ற நாட்டுச் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் பிடிக்கும் வழக்கம் பெண்களிடம் உண்டு. அங்கே மேல் அண்ணத்தில் வரும் புற்றுநோய் பற்றி நிறைய ஆராய்ச்சிகள் நடந்துள்ளன. 2003-ஆம் ஆண்டு வந்த இந்தியப் புகையிலைச் சட்டத்தின் அட்டவணையில் சிகரெட்டுக்கும் பீடிக்கும் பக்கத்திலேயே சுருட்டு, மெல்லும் புகையிலை, மூக்குப்பொடி எல்லாம் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. சட்டத்தின் கண்ணில் சுருட்டு தனி ஜாதி அல்ல.

புகைக்குத் தனி விலை

1964 அறிக்கை வந்த அதே ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டேட் மியூச்சுவல் நிறுவனம், சிகரெட் பிடிக்காதவர்களுக்குப் பிரீமியத்தில் தள்ளுபடி கொடுக்கத் தொடங்கியது. மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். நம் நாட்டில் எல்.ஐ.சி.யின் பழைய படிவங்கள், மது, போதைப் பொருள்கள், எந்த வடிவிலான புகையிலை என எதையாவது பயன்படுத்துகிறீர்களா, எப்போதாவது பயன்படுத்தியதுண்டா என்று வெகு காலமாகவே கேட்டு வந்தன. வழக்கமான சேமிப்புப் பாலிசிகளில் அந்தப் பதிலால் விலைப் பட்டியல் மாறியதில்லை என்பதால், முகவர்கள் பலர் அத்தனைக்கும் 'இல்லை' என்று தாங்களே நிரப்பிவிடும் பழக்கம் வேரூன்றியது.

டேர்ம் பாலிசிகள் பரவியபோது நிலைமை மாறியது. அதில் சேமிப்பு எதுவும் கிடையாது, ஆபத்துக்கு மட்டும் விலை. அதனால் புகைப்பவருக்கு ஒரு விலை, புகைக்காதவருக்கு ஒரு விலை. 2019-இல் எல்.ஐ.சி. கொண்டுவந்த டெக் டேர்ம் பாலிசியில் நிபந்தனை வெளிப்படை. சிறுநீரில் கோட்டினின் பரிசோதனை செய்து, அதன் முடிவைப் பார்த்துத்தான் புகைக்காதவருக்கான விலை. மற்ற எல்லோருக்கும் புகைப்பவருக்கான விலை.

உடலுக்குள் போன நிகோடின் கோட்டினினாக மாறுகிறது. அதன் அளவு பாதியாகக் குறையவே சுமார் 16 மணி நேரம் ஆகும் என்பதால் சில நாட்கள் வரை பரிசோதனையில் தென்படும். ஹோம்ஸ் சாம்பலைப் பார்த்தார், ஆய்வுக்கூடம் சிறுநீரைப் பார்க்கிறது. ஆனால் ஹோம்ஸுக்கு இருந்த நுணுக்கம் இதற்கு இல்லை. சுருட்டா, பீடியா, வெற்றிலைப் புகையிலையா, புகைப்பதை விடுவதற்காக மெல்லும் நிகோடின் கம்மா என்று இதனால் பிரித்துச் சொல்ல முடியாது.

மாதத்துக்கு ஒரு சுருட்டு பிடிப்பவர் பத்து நாள் சும்மா இருந்துவிட்டுப் போனால் பரிசோதனையில் தேறிவிடலாம். பலரும் ஏமாறுவது இங்கேதான். பரிசோதனையில் தேறுவது வேறு, படிவத்தில் உண்மை எழுதுவது வேறு. பரிசோதனை கடந்த சில நாட்களைக் கேட்கிறது. படிவம் பழக்கத்தைக் கேட்கிறது. பின்னாளில் மருத்துவமனைக் கோப்பில் 'பல ஆண்டுகளாகச் சுருட்டுப் பழக்கம்' என்று டாக்டர் எழுதும் ஒரு வரி, அன்றைய சுத்தமான பரிசோதனை அறிக்கையையே சந்தேகத்துக்கு உரியதாக்கிவிடும். அமெரிக்காவில் சில நிறுவனங்கள் வருடத்துக்கு ஒரு டஜன் சுருட்டு வரை பிடிப்பவரையும் புகைக்காதவர் விலையிலேயே சேர்த்துக்கொள்கின்றன. அந்தச் சலுகையும் முன்கூட்டியே சொன்னவருக்குத்தான்.

45-ஆம் பிரிவு: கேடயமா, சூதாட்டமா?

"மூன்று வருடம் தாண்டிவிட்டால் கம்பெனி ஒன்றும் செய்ய முடியாது சார்" என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இதில் உண்மை உண்டு. பல ஆண்டுகள் பிரீமியம் வாங்கிவிட்டு, ஆள் இறந்த பிறகு பழைய படிவத்தைத் தோண்டும் வழக்கத்தைத் தடுக்கத்தான் 1938 காப்பீட்டுச் சட்டத்தில் 45-ஆம் பிரிவு வைக்கப்பட்டது. முதலில் அது இரண்டு ஆண்டு வரம்பு. அதன் பிறகும் முக்கியமான விஷயத்தை மோசடி எண்ணத்தோடு மறைத்ததை நிறுவனம் நிரூபித்தால் பாலிசியை மறுக்கலாம்.

அப்படி மறுக்கப்பட்ட வழக்குதான் 1962-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த மித்தூலால் நாயக் வழக்கு. 25,000 ரூபாய்க்கு ஓரியண்டல் நிறுவனத்தில் எடுத்த பாலிசி. எடுத்தவர் 1946-இல் இறந்தார். கடுமையான நோய்களுக்குச் சிகிச்சை பெற்றிருந்தும், சமீப ஆண்டுகளில் டாக்டரிடம் போகவில்லை என்று எழுதியிருந்தார். இரண்டு ஆண்டு வரம்பு தாண்டியும் பணம் கிடைக்கவில்லை.

2015-இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு எந்தக் காரணத்தைக் காட்டியும் ஆயுள் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. அதற்குள் என்றால் கேட்கலாம். மோசடி இல்லாத தவறான தகவல் என்றால், அதுவரை கட்டிய பிரீமியத்தை 90 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். மறைத்த விஷயம் தெரிந்திருந்தால் பாலிசியே கொடுத்திருக்க மாட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பும் நிறுவனத்தின் மேல்தான். "சுருட்டு என்று தெரிந்திருந்தால் கூடுதல் விலைக்குக் கொடுத்திருப்பீர்களே" என்று வாதாட வழக்கறிஞருக்கு இங்கே இடம் இருக்கிறது.

ஆனால் அந்த வாதத்தை யார் நடத்துவது? புகைத்தவர் இருக்க மாட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, வங்கித் தவணைச் செய்தி ஒருபுறமும் நிறுவனத்தின் மறுப்புக் கடிதம் மறுபுறமுமாக மனைவியோ, பிள்ளையோ, வயதான பெற்றோரோ ஓட வேண்டும். மூன்று ஆண்டு என்பது இளம் குடும்பத்தின் கடன் மலைபோல் இருக்கும் காலம். அந்தக் காலத்தைப் பணயம் வைத்துச் சில ஆயிரம் ரூபாய் பிரீமியத்தை மிச்சப்படுத்துவது, காப்பீடு எடுத்த நோக்கத்துக்கே எதிரானது.

நீதிமன்றங்களும் இரண்டு பக்கமும் பேசியிருக்கின்றன. படிவத்தில் கேள்வியாகவே கேட்டுவிட்ட விஷயத்துக்கு உண்மையான பதில் சொல்வது கடமை என்று 2009-இல் ஒரு மருத்துவக் காப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது என்று 2019-இல் சொன்னது. 2025-இல் வந்த தீர்ப்பு நம் விஷயத்துக்கு மிக நெருக்கமானது. மது, சிகரெட், பீடி, புகையிலை பற்றிய ஒரே கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியவர் நெடுங்காலம் குடித்தவர் என்று தெரியவந்தது. பாலிசி எடுத்து சுமார் 14 மாதத்தில் இறந்துவிட்டார். எல்.ஐ.சி. மறுத்தது சரி என்றது நீதிமன்றம். குடும்பத்தின் நிலையைப் பார்த்து, ஏற்கெனவே கொடுத்த பணத்தை மட்டும் திரும்ப வாங்க வேண்டாம் என்றது.

மறுபக்கம், இறப்புக் காரணத்தோடு தொடர்பில்லாத முதுகெலும்புக் கோளாறைச் சொல்லவில்லை என்று எல்.ஐ.சி. மறுத்தது தவறு என 2015-இல் தீர்ப்பானது. நோயைச் சொன்ன பிறகும் பாலிசி கொடுத்துவிட்டு, அப்புறம் அதையே காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று 2021-இல் தீர்ப்பானது. சொன்னவருக்குச் சட்டம் துணை நிற்கிறது என்பதுதான் இந்தக் கடைசித் தீர்ப்பின் சாரம்.

நாம் என்ன செய்யலாம்?

சுருட்டுக்காரர் படிவத்தில் சொல்ல வேண்டுமா? வேண்டும். எந்த வடிவிலாவது என்று கேட்ட பிறகு சுருட்டும் ஒரு வடிவம்தான். எழுதும்போது வெறும் 'ஆம்' என்பதோடு நிறுத்தாமல், சுருட்டு, மாதத்துக்கு இத்தனை, கடைசியாக எப்போது என்று எழுதுங்கள். விட்டுவிட்டவர் எந்த வருடம் விட்டார் என்று எழுதலாம். விவரம் இருந்தால் விலை நிர்ணயிப்பவரும் பழக்கத்தின் அளவைப் பார்க்க முடியும்.

முகவர் படிவத்தை நிரப்பினால், கையெழுத்துக்கு முன் பழக்கங்கள் பகுதியை மட்டுமாவது வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஆன்லைனில் பிள்ளைகள் பெற்றோருக்காக நிரப்பும்போதும் இதே எச்சரிக்கை தேவை. அப்பாவின் சுருட்டும் அம்மாவின் வெற்றிலைப் புகையிலையும் பிள்ளைகளுக்குப் பழக்கமாகவே கண்ணில் படாது.

பாலிசி வந்ததும் அதனுடன் உள்ள விண்ணப்ப நகலைப் பாருங்கள். தவறு இருந்தால் உடனே எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் பாலிசியைத் திருப்பிக் கொடுக்க, 2024 விதிகளின்படி 30 நாள் அவகாசம் உண்டு. மருத்துவக் காப்பீட்டில், 60 மாதம் தொடர்ந்து பிரீமியம் கட்டிய பிறகு மோசடி தவிர வேறு காரணம் காட்டி மறுக்க முடியாது என்பதும் அதே ஆண்டில் வந்த மாற்றம்தான்.

ஏற்கெனவே 'இல்லை' என்று எழுதிவிட்ட பாலிசி கையில் இருந்தால், மூன்று ஆண்டு முடியட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே நிறுவனத்துக்கு எழுதுவது நல்லது. பிரீமியம் கூடலாம், ஆனால் பாலிசி உறுதியாகும். க்ளெய்ம் மறுக்கப்பட்ட குடும்பம் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். பிறகு சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி 50 லட்சம் ரூபாய் வரையிலான புகாரைக் கொடுக்கலாம். திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் கதவும் திறந்திருக்கிறது.

இந்த வாரம் ஒரு நாள் இரவு, பாலிசிக் கோப்பை எடுத்து வீட்டில் எல்லோரும் சேர்ந்து அந்த ஒரு பக்கத்தைப் படித்துப் பாருங்கள். நாமினி யார், கோப்பு எங்கே இருக்கிறது, பழக்கங்கள் பகுதியில் என்ன எழுதியிருக்கிறது என்ற மூன்றும் வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பதிலில் திருத்தம் தேவை என்றால், அதைச் செய்யக்கூடியவர் பாலிசிதாரர் மட்டுமே, அதுவும் அவர் இருக்கும்வரைதான்.